ரேஷன் அட்டை இருந்தும் பொருளும் பணமும் நின்றுபோவது எங்கே? தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்

ரேஷன் கடை விற்பனையாளர், ஓய்வு

தமிழ்நாட்டு ரேஷன் அட்டையின் முன்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறி இருக்கும். பல வீடுகளில் அதை யாரும் பார்ப்பதே இல்லை. எல்லாக் கணக்கும் அதில்தான் தொடங்குகிறது. பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. அதன் பின்னால் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி கிடையாது. என்.சி. இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது. முகவரிச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அரிசி இலவசம். அந்தியோதயாவுக்கு 35 கிலோ. என்.பி.எச்.எச். அட்டையில் ஒரே ஆள் என்றால் 12 கிலோ, ஆட்கள் கூடக் கூட ஏறி 20 கிலோவில் நின்றுவிடும். பி.எச்.எச். அட்டையில் நான்கு பேரைத் தாண்டினால் தலைக்கு 5 கிலோ. ஆக, ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு குறியில் 20 கிலோ, இன்னொரு குறியில் 30 கிலோ. "பக்கத்து வீட்டுக்கு மட்டும் அதிகம் போடுறீங்க" என்று கடையில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இதுதான்.

அரிசி அட்டைக்குச் சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, மொத்தம் 2 கிலோவுக்கு மேல் இல்லை, கிலோ 25 ரூபாய். அந்தியோதயாவுக்கு 13.50. துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். நான்கு பேர் உள்ள சாதாரண அரிசி அட்டைக்கு எல்லாம் வாங்கினாலும் மாத பில் 105 ரூபாய். வெளிச் சந்தையில் பருப்பு ஒரு கிலோவே நூறைத் தாண்டும். கடையில் அந்த 105 ரூபாய்க்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். உப்பு, டீத்தூள், சோப்பு போன்றவை கடையில் விற்பனைக்கு இருக்கும். வாங்கினால்தான் அரிசி என்று எந்த விதியும் இல்லை.

இந்த மாதம் வாங்காததை அடுத்த மாதம் சேர்த்துத் தர மாட்டார்கள். பருப்பும் எண்ணெயும் கடைக்கே தாமதமாக வந்து, அரசு தனியாக அறிவித்தால் மட்டுமே விதிவிலக்கு. அதனால் 25ஆம் தேதிக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். முதல் வாரமும் வேண்டாம், சர்வர் திணறும் நாள்கள் அவை.

எடை பற்றி ஒன்று. அரிசி 50 கிலோ சாக்கில் வருகிறது. சாக்கே அரை கிலோவுக்கு மேல் எடை இருக்கும். கிடங்கில் சாக்கோடு எடை போட்டால் அந்தக் குறைவு கடைக்காரர் தலையில் விழும், அவர் அதை உங்கள் பையில் ஈடுகட்டுவார். 2025இல் தராசைப் பில் போடும் கருவியோடு இணைக்கத் தொடங்கியதும், எடை சரியாக விழுந்தால்தான் பில் வரும் என்ற நிலை வந்தது. வரிசை மெதுவாக நகர்கிறது என்று எரிச்சல்படாதீர்கள், அந்தத் தாமதம் உங்களுக்கு நல்லது. தராசில் பையை வைக்கும் முன் எண் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இ-சேவை மையம் நடத்துபவர்

ஐயா சொன்னதோடு சேர்த்துக் கொள்ளுங்கள்: அட்டையில் இருக்கும் ஆட்கள் சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் வருவதில் அதிகம் புது மருமகள் விவகாரம்தான். கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகியிருக்கும், பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையில் இருக்கும். புகுந்த வீட்டில் சேர்க்கப் போனால், அவருடைய ஆதார் வேறு அட்டையில் இருக்கிறது என்று கணினி தள்ளிவிடும். வரிசை இதுதான்: முதலில் பிறந்த வீட்டு அட்டையில் பெயர் நீக்கம். அது ஒப்புதல் ஆன பிறகு, திருமணச் சான்றை வைத்துப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் இரண்டாவது தள்ளுபடி ஆகும். அம்மா வீட்டு அட்டைக்குப் பதிவான கைபேசிக்குத்தான் ஓ.டி.பி. போகும் என்பதால், அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

தனிக்குடித்தனம் போய்ப் புது அட்டை கேட்பவர்களுக்கும் இதே வரிசை. கணவன், மனைவி இருவர் பெயரும் பழைய அட்டைகளிலிருந்து நீங்கியிருக்க வேண்டும்.

குழந்தையைச் சேர்க்கப் பிறப்புச் சான்றும் ஆதாரும் தேவை. ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு விரல் ரேகை இல்லாமலே ஆதார் எடுப்பார்கள். 5 வயதிலும் 15 வயதிலும் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்யாத பிள்ளை கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. "மெஷின் ரிப்பேர்" என்று நினைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

முதல்வரின் காப்பீட்டு அட்டைக்கும் ரேஷன் அட்டையில் உள்ள பெயர்களைத்தான் எடுக்கிறார்கள். இங்கே விட்டுப்போன பெயர் ஆஸ்பத்திரியிலும் விட்டுப்போகும். பிரசவத்துக்கு முன்னால் சேர்க்கலாம், ஆபரேஷனுக்கு முதல் நாள் ஓடி வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயரின் எழுத்துப் பிழையை லேசாக விடாதீர்கள். ஆதாரில் இருக்கிற மாதிரியே அட்டையிலும் வங்கியிலும் இருக்கட்டும். முன்னெழுத்தை ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் போட்டிருந்தால் அடுத்த விண்ணப்பத்தில் அதுவே தடையாக நிற்கும். ஆதாரைத் திருத்தி, அதை வைத்து மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம். தலைகீழாகப் போனால் இரண்டு முறை அலைய வேண்டும்.

முதியோருக்குப் பொருள் வாங்க உதவும் தன்னார்வலர்

விரல் ரேகை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும்.

கொத்தனார், சித்தாள், பீடி சுற்றுபவர், பாத்திரம் துலக்கப் போகிறவர், இவர்களுடைய ரேகை தேய்ந்திருக்கும். சிமென்ட் தோலை அரித்துவிடும். வயதானால் தோல் உலர்ந்து சுருங்கும். கடைக்குப் போகும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்னும் மோசமாகும். தோல் மெத்தென்று இருந்தால் போதும். கட்டைவிரல் விழவில்லை என்றதும் திரும்பி வராதீர்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. மோதிர விரல் குறைவாகத் தேய்வதால் பலருக்கு அதில் விழும். ரேகைக் கருவியின் கண்ணாடியில் ஒட்டிய அழுக்கைத் துடைக்கச் சொல்லி, விரலை அழுத்தாமல் தட்டையாக வைக்க வேண்டும்.

அதிலும் ஆகவில்லையா, கருவிழிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். புரை அறுவை செய்தவர்களுக்கு அதுவும் சில நேரம் ஏற்காது. அட்டையில் உள்ள வேறு யார் விரல் வைத்தாலும் பொருள் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம். பேரப்பிள்ளை பெயர் அதே அட்டையில் இருந்தால் அவன் போகலாம்.

தனியாக இருப்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. கடையிலோ வட்ட வழங்கல் அலுவலகத்திலோ கேட்டு வாங்கி, யார் போகிறாரோ அவர் விவரத்தோடு கொடுக்க வேண்டும். நம்பிக்கையான ஆளாகப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே பொருள் கொடுக்க ஏற்பாடு வந்தது. மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறு என்று நாள் வைத்தார்கள். வண்டி வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வாய்ப்புப் போய்விடும். அன்றைக்கு ஆஸ்பத்திரி, கோயில் என்று கிளம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள ஒவ்வொருவரும் ரேகையைப் பதிந்து தங்களை உறுதிசெய்ய வேண்டும். மாதாமாதம் ஒருவர் விரல் வைத்து வாங்குவது வேறு, இது வேறு. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வர வேண்டாம், அங்கே உள்ள கடையிலேயே பதியலாம்.

மகளிர் குழு ஊக்குநர், வங்கி முகவர்

நான் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய், ஓர் அட்டைக்கு ஒரு பெண். அட்டையில் குடும்பத் தலைவராகக் கணவர் இருந்தால் அவர் மனைவியைத் தலைவியாக எடுத்துக்கொள்வார்கள். அதற்காகத் தலைவர் பெயரை மாற்றுகிறேன் என்று அலைய வேண்டாம்.

வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று தொடக்கத்தில் விதி வைத்தார்கள். கார் இருந்தால் கிடையாது. இதில் ஏழை வீடுகளைச் சிக்க வைப்பது மின்சாரம்தான். ஒரே மீட்டரில் மூன்று வாடகைக் குடும்பம் இருந்தால் மொத்த யூனிட்டும் அந்த இணைப்பு எண்ணில் ஏறும். விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதியவருக்கு 3,600 தாண்டிவிடும். நிராகரித்த குறுஞ்செய்தி வந்தால் 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். அதில் வாடகை ஒப்பந்தமும், ஒரே மீட்டர் என்ற விளக்கமும் இணைக்க வேண்டும். "நான் ஏழை" என்று மட்டும் எழுதிய மனுவில் எந்த விதி தவறாகப் பொருத்தப்பட்டது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது.

"ஒப்புதல் ஆச்சு, பணம் வரலை" என்று வருபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், வேறு கணக்கில். ஆதாரைக் கடைசியாக எந்த வங்கியில் மானியத்துக்கு இணைத்தீர்களோ அங்கேதான் அது விழும். நகைக்கடனுக்கோ குழுக் கடனுக்கோ புதுக் கணக்குத் தொடங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் ஆதார் இணைப்புச் சம்மதமும் இருந்திருக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். பழைய கணக்குக்கே வேண்டுமென்றால் அந்த வங்கியில் இணைப்புப் படிவம் கொடுத்தால் மாறும். முந்தைய மாதப் பணம் எங்கே விழுந்ததோ அங்கேயே போய் எடுக்க வேண்டும்.

அடுத்தது, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம். இதற்குத் தீர்வு, சாதாரணச் சேமிப்புக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பது. ஜன்தன் கணக்கும் அந்த வகைதான், இருப்பே வைக்க வேண்டாம். ஒருவருக்கு ஓர் அடிப்படைக் கணக்குத்தான், அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் மூட வேண்டும்.

முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுக்கிறவர்களுக்கு: முதல் முறை விழவில்லை, மறுபடி வை என்றால், முதல் முறைக்குத் தோல்விச் சீட்டு வாங்கிவிட்டு வையுங்கள். சீட்டில் மீதி இருப்பும் அச்சாகியிருக்கும். படிக்கத் தெரியாதவர் சீட்டைப் பத்திரப்படுத்திப் பிள்ளைகளிடம் காட்டினாலே போதும்.

வட்ட வழங்கல் அலுவலகப் பணியில் இருந்தவர்

புது அட்டை விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது என்றால், பெரும்பாலும் கள ஆய்வில். ஒரே வீட்டில் இரண்டு அட்டை கேட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுப்பும் எரிவாயு இணைப்பும் தனியாக இருப்பது தெரிய வேண்டும். ஆய்வுக்கு வந்தவர் வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்ப எண்ணை வைத்து இணையத்தில் வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

புகார் சொல்லும் முறையிலும் பலர் தோற்கிறார்கள். "அரிசி ஒழுங்கா தரல" என்று எழுதினால் விசாரிக்க ஒன்றுமில்லை. கடைக் குறியீடு, தேதி, நேரம், என்ன பொருள், எவ்வளவு குறைவு, பில் எண், இந்த ஆறும் வேண்டும். வாங்காத பொருளுக்குப் பில் குறுஞ்செய்தி வந்தால், பதிவான கைபேசியிலிருந்தே பி.டி.எஸ். 107 என்று ஆங்கிலத்தில் தட்டி 9773904050 எண்ணுக்கு அனுப்புங்கள். 101 என்றால் கடை இருப்பு, 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று பதில் வரும். பேச விரும்புகிறவர்களுக்கு 1967. வந்த பில் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. கைபேசி எண்ணை மாற்றிவிட்டு அட்டையில் மாற்றாத வீட்டுக்குப் பில் செய்தியே வராது, தன் பெயரில் என்ன போகிறது என்றும் தெரியாது.

இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்கு அசல் ஆவணங்களோடு ஒரு நகலும் எடுத்துப் போங்கள். பெயர் சேர்ப்பு, நீக்கம், கைபேசி எண் மாற்றம் போன்றவை அங்கே சீக்கிரம் முடியும். மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

ரேஷன் கடை விற்பனையாளர், ஓய்வு

ஒன்றை விட்டுவிட்டேன். அரிசி களையும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிக் கொட்டுகிறார்கள், கொட்டாதீர்கள். அது செறிவூட்டிய மணி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி 12 கலந்து அரிசி வடிவில் அச்சிட்டு, நூறு மணிக்கு ஒன்று என்று கலந்தது. இரண்டு மூன்று முறைக்கு மேல் களையாமல், கஞ்சியை வீணாக்காமல் வடித்தால் சத்து தங்கும். வண்டு, புழு, பூஞ்சை வாடை என்றால் அது வேறு விஷயம். அதைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து வேறு சாக்கிலிருந்து கேளுங்கள்.