ஜேமீட்டர் பிளகின்: தரவுத்தளத்தில் எழுதினால் சோதனை பாதிக்குமா?

உவர்மலையான்:
திருகோணமலையில் நாலு பேர் மென்பொருள் எழுதத் தொடங்கியதும் நாற்பது நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு ஜேமீட்டர் பற்றி: பல பயனர்களைப்போலக் கோரிக்கைகளை அனுப்பி, ஒரு தளம் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்கும் கருவி. ஒருவர் மேடையேறி, "ஜேமீட்டரின் பேக்கெண்ட் லிஸனர் தனித் திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையில்) ஓடுகிறது, ஆகவே சுமைச் சோதனை முடிவுகளைத் தரவுத்தளத்தில் எழுதும் பிளகின் என்ற துணைநிரல் சோதனையைத் துளியும் பாதிக்காது" என்று அடித்துச் சொன்னார். கைதட்டலும் விழுந்தது.

அந்த லிஸனர், அதாவது முடிவுகளை வாங்கி வெளியே அனுப்பும் பகுதி, அவற்றை முதலில் ஒரு வரிசையில் வைக்கிறது. அந்த வரிசை இயல்பில் 5000 முடிவுகளைத்தான் தாங்கும். நிரம்பிவிட்டால் அடுத்த முடிவைக் கொண்டுவரும் திரெட் இடம் கிடைக்கும்வரை நிற்கும். அது யாருடைய திரெட்? சர்வருக்குக் கோரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும் அதே பயனர் திரெட். 5000. இந்த எண்ணைச் சொல்லாமல் இறங்கிவிட்டார்.

நிலாவெளிக் காற்று:
மேடையேறியவன் நான்தான், சுற்றி வளைக்கத் தேவையில்லை. ஒரு கோரிக்கையின் நேரத்தை அளந்து முடித்த பிறகுதான் முடிவு லிஸனருக்குப் போகிறது. அதற்குப் பிறகு வரிசை நிரம்பினால் என்ன, வழிந்தால் என்ன? பதிவான நேரத்தில் ஒரு மில்லிசெக்கண்டும் கூடாது. பாதிக்காது என்றால் பாதிக்காது. புறாமலைப் படகு முன்பதிவுத் தளத்தை இந்தப் பிளகினோடுதான் சோதித்தேன், அறிக்கை பளிச்சென்று வந்தது. அண்ணனுக்குக் கோபம் பிளகின் மீதல்ல, பேச அழைக்கவில்லை என்பதில்.

உவர்மலையான்:
பளிச்சென்று வராமல் என்ன செய்யும்? திரெட்டுகள் வரிசை வாசலில் காத்து நின்றால் சர்வருக்குச் சுமையே இல்லை. வேலை இல்லாத சர்வர் விரைவாகத்தான் பதில் சொல்லும். அதைப் படம் வரைந்து காட்டி வாடிக்கையாளரிடம் பணமும் வாங்கிவிட்டீர்கள்.

ஜேமீட்டரே இதைச் சொல்லித் தருகிறது. வரிசையில் காத்திருப்பு நடந்திருந்தால், சோதனை முடியும்போது பதிவுக் கோப்பில் "கியூவெய்ட்ஸ்" என்று தொடங்கும் எச்சரிக்கை வரி விழும். எத்தனை தடவை காத்திருந்தது, மொத்தம் எத்தனை நானோசெக்கண்ட் என்று அதிலேயே இருக்கும். உங்கள் கோப்பில் அந்த வரி இருந்ததா, இல்லையா?

நிலாவெளிக் காற்று:
வரிசையின் கொள்ளளவைக் கூட்டுமாறும் அதே வரிதான் சொல்கிறது. 5000 என்பதை 50000 ஆக்கினேன். விடயம் முடிந்தது.

உவர்மலையான்:
முடியவில்லை. பாலம் வருமுன் கிண்ணியாத் துறையில் பாதைக்காக (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) வாகனங்கள் நின்ற காலத்தில், கரையில் இன்னும் நூறு வாகனம் நிற்க இடம் வெட்டிக் கொடுத்தால் பாதை விரைவாக ஓடியிருக்குமா? தரவுத்தளம் எழுதும் வேகத்தைவிட முடிவுகள் வரும் வேகம் கூடுதலானால் 50000 உம் நிரம்பும், இடையில் நினைவகத்தையும் தின்னும்.

கிண்ணியாக் கரை:
பாதையை ஏன் இழுக்கிறீர்கள்? 2009 இல் பாலம் திறக்கும்வரை வெயிலில் நின்றவர்கள் நாங்கள். உவர்மலையில் மாடியில் இருந்து கடல் பார்த்தவர்களுக்கு அது உவமை.

உவர்மலையான்:
நானா, என் தாயின் ஊரே மூதூர். பாதையில் நிற்காமல் எந்த வழியாகப் போயிருப்பேன்?

கிண்ணியாக் கரை:
துறைமுகத்திலிருந்து லாஞ்சில் போயிருப்பீர்கள். மூதூர்க்காரர் எல்லாரும் அப்படித்தான்.

தம்பலகாமம் வயல்:
பிளகினே எதற்கு? ஜேமீட்டர் முடிவுகளைச் சிஎஸ்வி கோப்பில் எழுதட்டும். சோதனை முடிந்ததும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் "காப்பி" கட்டளையால் ஒரேயடியாக ஏற்றிவிடலாம். வரிசையும் இல்லை, வழக்கும் இல்லை.

நிலாவெளிக் காற்று:
சோதனை ஓடும்போதே வரைபடம் பார்க்க வேண்டுமே. கோப்பை முடிந்த பிறகு ஏற்றுவது பரீட்சை முடிந்து பாடம் படிப்பது.

தம்பலகாமம் வயல்:
அப்படியானால் ஜேமீட்டர் 3.2 பதிப்பிலிருந்து இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுத்தளத்துக்கு அனுப்பும் லிஸனர் கூடவே வருகிறதே. உங்கள் கையால் எழுதினால்தான் ஓடுமா?

உவர்மலையான்:
அது வழக்கமான வடிவில் சில செக்கண்டுகளுக்கு ஒருமுறை சுருக்கத்தை அனுப்பும். போன மாத ஓட்டத்தில் எந்தக் கோரிக்கை எந்த நொடியில் தோற்றது என்று தரவுத்தளத்தை வினவும் எஸ்கியூஎல் மொழியில் கேட்க முடியாது. பிளகின் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நானே எழுதியிருக்கிறேன், ஒழுங்காக.

லிஸனர் உங்கள் கையில் முடிவுகளைப் பட்டியலாகத்தான் தருகிறது. நிலாவெளியார் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பிரித்து, வரிக்கு ஒரு கமிட் போடுகிறார். திரையில் காட்டிய குறியீட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு கமிட்டுக்கும் தரவுத்தளம் வட்டில் எழுதி உறுதி செய்ய வேண்டும், 5000 நிரம்பாமல் வேறென்ன நடக்கும்? பட்டியலை ஒரே தொகுதியாக அனுப்பி, தொகுதிக்கு ஒரு கமிட் போட வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் தொகுதிக் கட்டளைகளை ஒன்றாக்கும் அமைப்பை இணைப்பு முகவரியிலேயே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் தரவுத்தளத்தோடு பேசும் டிரைவர் மறுபடி ஒன்றொன்றாகத்தான் அனுப்பும். சோதனை முடியும் இடத்தில் கையில் மிஞ்சியதையும் எழுதிவிட்டு இணைப்பை மூட வேண்டும். அவருடையதில் கடைசித் துண்டு எப்போதும் காணாமல் போகிறது. அதோடு நேர முத்திரையை, ஒருமுறைக்கு மேல் வரக்கூடாத முதன்மைச் சாவியாக வைத்திருக்கிறார். ஒரே மில்லிசெக்கண்டில் இரண்டு முடிவு வராது என்று யார் சொன்னது?

நிலாவெளிக் காற்று:
அது காட்டுவதற்காக எழுதிய குறியீடு. வேலைக்கு எழுதியது வேறு. எப்படி எழுதினாலும் பதிவான நேரம் மாறாது. பாதிக்காது.

உவர்மலையான்:
கியூவெய்ட்ஸ் வரி எங்கே?

நிலாவெளிக் காற்று:
பதிவான நேரம் மாறியதா? ஆமா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

உவர்மலையான்:
நொடிக்கு எத்தனை கோரிக்கை போனது? அதை நீங்கள் சொல்லுங்கள். பிளகினை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை, இரண்டையும் இங்கே போடுங்கள்.

நிலாவெளிக் காற்று:
வாடிக்கையாளரின் தரவைப் பொதுவில் போட மாட்டேன். உங்களைப்போல ஒழுக்கம் கெட்டவனல்ல.

கிண்ணியாக் கரை:
போன வருடம் இதே உவர்மலையார்தான் முடிவு நேரங்களை உள்ளூர் நேரத்தில் சேமித்துவிட்டு, உலகப் பொது நேரத்தோடு வந்த ஐந்தரை மணி நேர இடைவெளியைத் தேடி எங்கள் எல்லாரையும் இராத்திரி முழுக்க விழிக்க வைத்தார். ஜேமீட்டர் 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிசெக்கண்டாகத் தருவதை அப்படியே வைத்திருக்கக் கூடாதா?

உவர்மலையான்:
அது சர்வரை அமைத்தவருடைய வேலை. அமைத்தவர் யார் என்று நானாவுக்கே தெரியும்.

கிண்ணியாக் கரை:
கடவுச்சொல்லைக் கடைசிவரை தராமல் வைத்திருந்தவர் யார் என்றும் தெரியும்.

தம்பலகாமம் வயல்:
அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மண்டப வாடகைக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். பேசியவரும் தரவில்லை, குறை சொன்னவரும் தரவில்லை.

நிலாவெளிக் காற்று:
குறை சொன்னவர் வடை மூன்று சாப்பிட்டார், அவரிடம் முதலில் கேளுங்கள்.

உவர்மலையான்:
இரண்டு.