பதினான்கு நாள் பிரைமாகுயின்: களப்பணியாளர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

கேள்வி (செவிலியர் பயிற்றுநர், இராமநாதபுரம்):
வணக்கம். கடலோரக் கிராமங்களின் சுகாதாரப் பணியாளர்களுக்கு அடுத்த வாரம் மலேரியாப் பயிற்சி நடத்தவிருக்கிறேன். வைவாக்ஸ் வகை மலேரியாவுக்குக் குளோரோகுயின் மாத்திரை 3 நாள், பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் என்பதை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் காய்ச்சல் விட்டதுமே மாத்திரையை நிறுத்திவிடும் நோயாளியிடம் என்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பதில் (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):
இரத்தத்திலுள்ள கிருமியைக் குளோரோகுயின் அழித்தாலும், ஈரலில் உறங்கும் கிருமியை அது தொடாது, அதை அழிப்பது பிரைமாகுயினே என்பதையும், பாதியில் நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் கிருமியே விழித்துக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும் என்பதையும் நோயாளிக்குப் புரியும் சொற்களில் பேசிப் பழகச் செய்யுங்கள். அதைவிட முக்கியம், மாத்திரையை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு வழக்கமான பிரைமாகுயின் கூடாது. சிறுநீர் கறுங்காப்பி நிறத்தில் போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். நான் வகுப்பில் ஒரு குவளைக் கறுங்காப்பியையே காட்டிவிடுவேன். வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிறு வலிக்கும் என்பதையும் சொல்லுங்கள், பாதியில் நிறுத்துவோரில் பலர் அதற்காகவே நிறுத்துகிறார்கள்.

பதில் (மருத்துவர், யாழ்ப்பாணம்):
இங்கே சிக்கல் வேறு. 2016-இல் மலேரியா அற்ற நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தபின், இளம் மருத்துவர்கள் பலர் இந்நோயாளியைக் கண்டதே இல்லை. ஆகவே, காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று கேட்பதையே முதற்பாடமாக வைக்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காப்பிக் குவளையை நானும் எடுத்துச் செல்கிறேன்.