மடற்குழு இழை: பழைய ஈய எழுத்தைக் கணினிக்கு வரைந்தால் அதற்கு என்ன பெயர்?

ந.கு.:
வணக்கம். நான் எடுத்த கோயில் படங்களைச் சொந்தச் செலவில் நூலாகப் போடுகிறேன். ஆங்கிலக் குறிப்புகளுக்கு டவ்ஸ் எழுத்து. 1900இல் லண்டனில் தொடங்கிய டவ்ஸ் அச்சகத்துடையது. இப்போது கிடைப்பது அதைப் பார்த்துக் கணினிக்கு வரைந்தது. கடைசிப் பக்கத்தில் 'ரிவைவல்' என்று எழுதக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை பிடிஎஃப் அனுப்ப வேண்டும். சொல் தாருங்கள்.

செ.மு.:
மறுவார்ப்பு. ஈய எழுத்து வார்த்ததுதானே? மறுபதிப்பு மாதிரி வாயில் வரும்.

இரா.வே.:
ஐயா, கணினியில் எதை வார்ப்பது? 'மறு' என்றால் களங்கமும்தான். மதிக்கண் மறு என்கிறது குறள். மீட்டுரு என்போம். டவ்ஸுக்கு அச்சாகப் பொருந்தும். அந்த அச்சகத்தை நடத்திய கோப்டன் சாண்டர்சன், தொழில் கூட்டாளி எமரி வாக்கர் கைக்குப் போகக்கூடாதென்று 1916-17இல் அத்தனை எழுத்தையும் ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸில் கொட்டினார். டவ்ஸைக் கணினிக்கு வரைந்த ராபர்ட் கிரீன் 2014இல் முக்குளிப்பவர்களை இறக்கிச் சுமார் 150 எழுத்துகளை எடுத்தார். அவற்றை வைத்துத் தன் கணினி எழுத்தைத் திருத்தினார். இது மீட்பில்லையா?

செ.மு.:
டவ்ஸுக்குச் சரி. காஸ்லான் என்ற பழைய ஆங்கில எழுத்தை எந்த ஆற்றில் போட்டார்கள்? நீங்களே 'அச்சாக' என்று எழுதிவிட்டு வார்ப்பை மறுக்கிறீர்கள். அச்சு என்பதே வார்ப்புக் கருவிதான். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற இடத்தில் அது வண்டியின் இருசு. இரண்டும் ஒரே வேர் என்பது என் கட்சி. வடமொழி 'அட்ச'த்திலிருந்து வந்ததென்பாரை நான் ஏற்பதில்லை. விரிவாகத் தனி மடலில்.

க.பூ.:
தனி மடலே போதும் ஐயா. 'பழையன கழிதலும்' நூற்பாவையும் யாரும் தொடங்க வேண்டாம். வரைகலை வகுப்பில் பிள்ளைகள் ரிவைவல் என்றுதான் சொல்கிறார்கள். மீட்டுரு என்றால் ஓரளவு புரியும். என் கவலை வேறு. தம்பி, தமிழ்ப் பக்கத்துக்கும் பழைய அச்சைப் பார்த்து வரைந்ததா? தும்பிக்கை வைத்த லை, னை வருமே. 1978 சீர்திருத்தத்துக்குப் பின் படித்தவர்கள் தடுமாறுவார்கள். யூனிகோடில் குறியீடு ஒன்றுதான், உருவம் எழுத்துருவின் கையில். அப்புறம், டவ்ஸ் ஈரத் தாளில் அழுத்தி அச்சடித்த எழுத்து. ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அடித்தால் மெலிந்து தெரியலாம். 8 பாயிண்டில் போடாதீர்கள். ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

ந.கு.:
அடித்துப் பார்த்தேன் அம்மா, 'e'யின் குறுக்குக் கோடு காணாமலே போயிற்று. 10 ஆக்கிவிட்டேன். தும்பிக்கை இருக்கட்டும், படங்களும் பழைய மதில்கள்தான். பெரும்பாலோர் சொன்னபடி 'மீட்டுரு' போடுகிறேன்.

செ.மு.:
போடுங்கள். ஆனால் 'மீட்டு' வினையெச்சம், 'உரு' பெயர். எச்சம் பெயரைக் கொண்டு முடியுமா? மீட்டுருவாக்கம் என்றால் வினை உள்ளே இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம். என் வார்ப்பு வேண்டாமென்றால் மீளுரு என்றாவது வையுங்கள், வினைத்தொகை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.