கறித்தூள்: எந்த வாடிக்கையாளரை முதலில் பிடிப்பது?

வணக்கம். சுன்னாகத்தில் வீட்டோடு சேர்த்து யாழ்ப்பாணத்துக் கறித்தூள் செய்து விற்கிறோம். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் தனித்தனியாக வறுத்து, கறிவேப்பிலையோடு திரிப்பது. தரத்தில் குறை சொன்னவர் இல்லை. பிரச்சினை விற்பனையில்: நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தூள் போதாது, கொடியிறங்கினால் பக்கெற்றுகள் கடைத் தட்டிலேயே கிடக்கின்றன.

250 கிராம் பக்கெற் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே விலை. விலையைக் குறைத்துப் பார்த்தோம், லாபம் மட்டும் குறைந்தது. உறையை மாற்றினோம், பேஸ்புக்கில் விளம்பரமும் போட்டோம். விசாரித்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

சந்தையைப் பிரித்துப் பார், அதாவது வாங்குகிறவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்றபடி விற்றுப் பார் என்கிறார்கள். 1956 இல் சந்தைப்படுத்தல் அறிஞர் வென்டெல் சிமித் இதைப் பற்றி எழுதியதிலிருந்து வணிகப் படிப்பில் இது பழைய பாடம்தான். வயது, வருமானம், இடம் என்று பிரிக்கலாம், ஆனால் இங்கே சமைக்கிற விதம்தான் ஆட்களைப் பிரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஊர் அம்மாமார் தாங்களே வறுத்துத் திரிப்பார்கள், அவசரத்துக்குத்தான் எங்களிடம் வருவார்கள். கனடா, லண்டனிலிருந்து வருகிறவர்கள் கிலோக்கணக்கில் கேட்பார்கள், பெட்டிக்குள் மணம் பரவாத உறை வேண்டும். வேலைக்குப் போகிற இளம் குடும்பங்களுக்குச் சின்னப் பக்கெற், உறைப்புக் குறைவு. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு மொத்தமாகவும் கடனுக்கும் வேண்டும், அதுதான் தலையிடி.

நாலு பேரையும் ஒன்றாகப் பிடிக்கக் கையில் முதல் இல்லை. வருடம் முழுக்க விற்பனை ஓட வேண்டுமென்றால், இவர்களில் யாரை முதலில் குறிவைப்பீர்கள், ஏன்?