புதுப்பிப்பு: மாஸி ஃபெர்குசன் 35, லிஃப்ட் இறங்கும் பிரச்சினை

பெயர்ப்பலகை இல்லாத பழைய மாஸி டிராக்டர் எந்த மாடல், கலப்பையைத் தூக்கினால் ஏன் தானாக இறங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது. வண்டி மாஸி ஃபெர்குசன் 35.

இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம், சிலிண்டருக்கு ஒன்று) எண்ணிக்கையைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. இதில் மூன்றுதான். அப்படியென்றால் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் ஏ3.152 என்ஜின், சுமார் 2.5 லிட்டர். 35-இன் ஆரம்ப டீசல் வண்டிகளில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் 23சி என்ஜின் இருந்தது. குளிரில் அதைக் கிளப்புவது பெரும்பாடு. மூன்று சிலிண்டர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

அப்புறம் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட். இதன் ஹைட்ராலிக் பம்ப் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே, அதே எண்ணெயில் மூழ்கி, பிடிஓ தண்டால் (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு என்ஜின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) ஓடுகிறது. பிடிஓ லீவர் நியூட்ரலில் இருந்தால் லிஃப்ட் தூக்கவே தூக்காது. பழைய மாஸி வாங்குபவர்கள் முதலில் இதைப் பாருங்கள், வீணாகப் பம்பைக் கழற்ற வேண்டாம். எங்கள் வண்டி தூக்கியது, ஆனால் என்ஜினை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கியது. பம்ப் நல்ல நிலையில்தான் இருந்தது. மேல்மூடியைக் கழற்றியபோது லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தன. ரிங், கேஸ்கெட் மாற்றி, எண்ணெயையும் புதிதாக ஊற்றினோம்.

இப்போது கலப்பை தூக்கிய உயரத்திலேயே நிற்கிறது. அடுத்து பிரேக் வேலை.