கட்டுன கட்டை அவுக்கலாமா, கூடாதா?

களக்காட்டுக்காரன்: போன ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டையில ஒரு கூட்டம். உக்ரைன் சண்டைக்குத் தொண்டராப் போய், காயம்பட்டவங்களைத் தூக்கிவந்து கட்டுப்போடுத நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தன் பேசினான். கை கால்ல ரத்தம் பீச்சுனா காயத்து மேலயே இல்லாம, அதுக்குக் கொஞ்சம் மேல்பக்கமா டூர்னிக்கேங்கிற பட்டையை இறுக்கிக் கட்டணுமாம், ஆஸ்பத்திரி போற வரை அவுக்கவே கூடாதாம். நான் பட்டாளத்துல 17 வருசம் நர்சிங் அசிஸ்டென்ட். 20 நிமிசத்துக்கு ஒருக்கா தளத்தணும்னு படிச்சுப் பரீட்சை எழுதினவன். தளத்தலேன்னா கால் அழுகும். தப்பாப் பேசினவனுக்குப் பொன்னாடை வேற!

வள்ளியூர்க்காரி: அண்ணாச்சி, தம்பி சொன்னதுதான் சரி. நானும் நர்சு, தெற்கு சூடான்ல 9 மாசம் இருந்துட்டு வந்தவ. பெரிய ஆள் உடம்புல மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர். தொடை ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிசத்துல ஆள் காலி. நீங்க தளத்துத ஒவ்வொரு தடவையும் உறைஞ்சு அடைச்சது பிச்சுக்கிட்டு மறுபடி ஊத்தும். கால் ரெண்டு மணி நேரம் தாங்கும். முட்டு ஆபரேசன்ல எலும்பு டாக்டருங்க தினமும் இப்படிக் கட்டித்தான செய்யுதாங்க?

களக்காட்டுக்காரன்: தியேட்டர்ல மயக்க டாக்டர் உண்டு, லைட்டு உண்டு. பதுங்குகுழியில என்ன உண்டு? 20 நிமிசம்.

மேலப்பாளையத்தான்: ஒண்ணும் இல்லாததுனாலதான் அவுக்காதேங்காங்க. இதுகூடப் புரியலையா வே?

களக்காட்டுக்காரன்: உம்ம வயசு என் சர்வீசு. கொரியாவுல 1951 மார்ச்சுல பாராசூட்ல குதிச்சுப்போய் வைத்தியம் பார்த்த இந்தியப் படைக்குத் தலைவர் யாரு தெரியுமா? ரங்கராஜ். மகாவீர் சக்ரா வாங்கினவரு. அந்தப் படிப்பு எங்க படிப்பு.

வள்ளியூர்க்காரி: அவரைக் கும்பிடுதேன். ஆனா 1951-ல இருந்த பாடம் அப்படியே நிக்குமா? ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைகள்ல கட்டுப்பட்டையால பிழைச்சவங்களைப் பார்த்துத்தான் பாடத்தையே மாத்தினாங்க. இப்ப சிப்பாய் ஒவ்வொருத்தன் கிட்டயும் பட்டை இருக்கு. கட்டின நேரத்தை அதுலயே எழுதிருவாங்க.

டவுண்காரன்: அது கிடக்கட்டும். தொண்டருன்னு சொல்லிக்கிட்டுச் சம்பளம் வாங்குதாங்களாமே? அது எப்படித் தொண்டு?

மேலப்பாளையத்தான்: வீட்டுல உலை யாரு வைப்பா, நீரா? சண்டை நடக்குத ஊர்கள்ல வைத்தியம் பாக்குத, 1999-ல நோபல் வாங்கின எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சம்பளம் கொடுக்குது. 2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தான் குந்தூஸ்ல அவங்க ஆஸ்பத்திரி மேல அமெரிக்க விமானம் குண்டு போட்டு 42 பேர் செத்தாங்க. அதுக்கு எவ்வளவு சம்பளம் சரின்னு சொல்லும்.

டவுண்காரன்: நான் கேட்டது வேற, நீர் சொல்லுதது வேற.

வாழைத்தோட்டம்: எங்க தோப்புல விரியன் கடிச்சா கட்டாதேங்கிய. குண்டடிக்குக் கட்டுங்கிய. எதைத்தான் கேக்க?

வள்ளியூர்க்காரி: பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டக் கூடாது தம்பி. விஷம் ஒரே இடத்துல தங்கிச் சதையைக் கெடுக்கும். கை காலை அசைக்காம வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடணும். இது ரத்தம் நிக்கக் கட்டுதது. ரெண்டும் வேற.

வாழைத்தோட்டம்: எங்க தாத்தா கட்டித்தான் பிழைச்சாரு.

களக்காட்டுக்காரன்: பார்த்தியளா! அனுபவம்னா அது. 20 நிமிசம்.

வள்ளியூர்க்காரி: அனுபவமா? நாலு வருசத்துக்கு முன்னால நாங்குநேரி நாலுவழிச்சாலையில என் தம்பி பைக்கு கவுந்து தொடை கிழிஞ்சுது. யாரோ ஒரு புண்ணியவான் துண்டைக் கட்டிக் கம்பைச் சொருகித் திருகியிருக்கான். ரத்தம் நின்னுட்டு. கூட்டத்துல ஒருத்தர், உங்களை மாதிரி தெரிஞ்சவருதான், நரம்பு செத்துரும்னு ரெண்டு தடவை தளத்தியிருக்காரு. ஆம்புலன்ஸ் ஏத்தும்போதே அவன் முகம் வெளுத்துட்டு. பெரியாஸ்பத்திரி வாசல்ல முடிஞ்சிட்டு. அதனாலதான் இதை விடமாட்டேங்கேன்.

களக்காட்டுக்காரன்: தம்பிக்கு வருத்தப்படுதேன் தாயி. ஆனா உக்ரைன்ல என்ன நடக்கு? வானத்துல டிரோன் நிக்குறதால வண்டி வர முடியல. மணிக்கணக்கா, சில நேரம் நாள்கணக்கா கிடக்காங்க. கட்டுன கட்டோட கிடந்து காலை இழக்காங்க. அங்கே தளத்தச் சொல்லுதாங்களா இல்லையா?

வள்ளியூர்க்காரி: மாத்தச் சொல்லுதாங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள, பயிற்சி உள்ளவங்க காயத்துக்குள்ள துணியைத் திணிச்சு அழுத்துக்கட்டுப் போட்டு, ரத்தம் வரலேன்னா மட்டும் பட்டையை விடுவாங்க. வந்தா உடனே திருப்பி இறுக்குவாங்க. 6 மணி நேரம் தாண்டிட்டா ஆஸ்பத்திரிக்கு வெளியில வச்சுத் தொடவே கூடாது. செத்த சதையில சேர்ந்த கழிவெல்லாம் ஒரேயடியா ஓடிவந்து நெஞ்சை நிறுத்திரும்.

களக்காட்டுக்காரன்: தளத்தாம எப்படி மாத்துவ?

வள்ளியூர்க்காரி: அது வேற, நீங்க சொல்லுதது வேற அண்ணாச்சி.

களக்காட்டுக்காரன்: தளத்துதது தளத்துததுதான்.

மேலப்பாளையத்தான்: 20 நிமிசத்துக்கும் ரெண்டு மணி நேரத்துக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் 17 வருசம் ஓட்டினீரா?

களக்காட்டுக்காரன்: மரியாதை! அந்தத் தம்பியைப் பட்டையோட வரச் சொல்லும். என் தொடையிலயே கட்டட்டும். வாட்ச்சை வச்சுப் பார்ப்போம்.

டவுண்காரன்: சம்பளம் எவ்வளவுன்னு இன்னும் எவனும் சொல்லல.

வள்ளியூர்க்காரி: வலிக்கும் அண்ணாச்சி. காயத்தை விடக் கட்டுதான் வலிக்கு, அவுத்து விடுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. அப்பவும் நாங்க அவுக்க மாட்டோம்.