ஹக் - ஜிம் நட்பு: கடைசி அத்தியாயங்களை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்தில் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' பற்றிப் பேசப்போகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், உதவுங்கள்.

15ஆம் அத்தியாயத்தில், மூடுபனியில் பிரிந்து திரும்பும் ஹக், நடந்ததெல்லாம் கனவு என்று, கூடப் பயணிக்கும், தப்பியோடிவந்த கறுப்பின அடிமை ஜிம்மை ஏமாற்றுகிறான். ஜிம் மனம் நொந்து பேசியதும், கால் மணி நேரம் தயங்கிவிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அடிமைமுறை நிலவிய மிசிசிப்பிக் கரையில், ஒரு வெள்ளைக்காரப் பையன்! 31இல், ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தையும் கிழித்துப்போடுகிறான், நரகத்துக்கே போனாலும் சரி என்று. அதுவரை நட்புதான், சந்தேகமில்லை.

பிறகு, கடைசி அத்தியாயங்களில், ஹக்கின் நண்பன் டாம் சாயர் வருகிறான். எஜமானி மிஸ் வாட்சனின் உயிலால் ஜிம் ஏற்கெனவே விடுதலையானவர் என்று தெரிந்தும், பிடிபட்ட அவரைச் சாகச ஆசையில் குடிசையிலேயே அடைபட்டுக் கிடக்க விடுகிறான். உயில் விஷயம் தெரியாத ஹக்கும் முணுமுணுத்துக்கொண்டே கூடப்போகிறான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அடிமைமுறை ஒழிந்த பிறகும், 1877க்குப் பின் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைகள் பறிக்கப்பட்டதன் மீதான கேலியாக இதைப் படிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஏற்புடையதா? தமிழில் இதுபற்றிக் கட்டுரை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். ஜிம்மே கதை சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024) படித்தவர்களும் பேசலாம். அதன் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், இன்னும் பாதியில்தான் இருக்கிறேன்.